ரத்தப் பண்ணையில் வளர்ச்சி இல்லை

அந்த மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நானூற்றுப் பதினோரு நாட்களாக ஒரு கிருமியும் வளரவில்லை. இது வதந்தி அன்று. வாசலில் பலகை வைத்து எழுதியிருந்தார்கள். ‘ரத்தத் தொற்று இல்லாத நாட்கள்’ என்ற தலைப்பின் கீழ் மூன்று இலக்கத் தகடுகள் கொக்கிகளில் தொங்கின. தினமும் காலை எட்டு மணிக்கு, நுண்ணுயிர்க்கொல்லி அறிவார்ந்த பயன்பாட்டு உயர்குழுவின் செயலாளர் ஏணியில் ஏறிக் கடைசித் தகட்டை மாற்றுவார். கீழே வரிசையில் நிற்கும் செவிலியர் கைதட்டுவார்கள். ஏணி ஒருமுறை சறுக்கியதிலிருந்து அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஓர் ஊழியர் அமர்த்தப்பட்டிருந்தார். அதற்கு முன் அவர், கீழ்த்தளத்தில் எடுக்கும் ரத்தக் குப்பிகளை மூன்றாம் மாடிப் பரிசோதனைக் கூடத்துக்குச் சுமந்து செல்லும் வேலையில் இருந்தவர். ஏணிக்கு வந்தது அவருக்குப் பதவி உயர்வு. அவருடைய பழைய இடம் நிரப்பப்படவில்லை. நிரப்பாததால் ஏதேனும் கெட்டுப்போனதாகப் பலகையிலும் தெரியவில்லை.

தஸூகி அந்தப் பலகையை முதன்முதலாகப் பார்த்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. புருல்லுஸ் ஏரிக்கரையில் ஒரு முதலாளியின் மீன் பண்ணையில் ஒன்பது ஆண்டுகளாகத் தீவனம் போடுகிறவன் அவன். அவனுடைய குளங்களில் நோயில்லாமல் தொடர்ந்து பத்து நாள் கழிந்ததில்லை. மீன்கள் பக்கவாட்டில் மிதக்கத் தொடங்கினால் முதலாளி தொலைபேசியில் கத்துவார். தஸூகி மருந்து மூட்டையை அவிழ்த்துத் தீவனத்தோடு மண்வெட்டியால் கிளறிக் குளத்தில் வீசுவான். அப்படிப்பட்டவனுக்கு நானூற்றுப் பதினொன்று என்ற எண் வேதவாக்கைப் போல் இருந்தது.

மணமாகி ஆறாண்டுகளுக்குப் பின் பிறந்த மகள், மாதம் நிறையாமல், ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம் எடையோடு உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பெயர் வைக்கவில்லை. பெட்டியின் மேல் ‘ஸமீஹா மகள்’ என்று ஒட்டியிருந்தார்கள். ஸமீஹா அவன் மனைவி. அறுவை செய்த வயிற்றோடு வீட்டில் படுத்திருந்தாள். தாய்மார் வந்தால் கிருமி வரும் என்பதால் அந்தப் பிரிவுக்குள் தாய்மாருக்கு அனுமதி இல்லை. ஆகவே அவள் விடியலில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பாலைப் பிழிந்து, கொதிநீரில் கழுவிய கண்ணாடிக் குப்பியில் நிரப்பித் துண்டில் சுற்றிக் கொடுப்பாள். தஸூகி அதை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கதவருகே செவிலியிடம் ஒப்படைப்பான். மகளுக்காக அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பெட்டி கிடைத்ததே ஃபிக்ரியின் தயவால். ஏணியில் ஏறி எண்ணை மாற்றும் செயலாளர்தான் ஃபிக்ரி. அவன் பிறந்ததும் அவனுடைய தாய் காய்ச்சலில் கிடந்தாள். நாற்பது நாளும் தஸூகியின் தாய்தான் ஒரு பக்கம் தன் மகனையும் மறுபக்கம் அவனையும் போட்டுப் பால் கொடுத்தாள். ஒரே மார்பில் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். இதில் ஊரில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

“இது நம்ம வீடு மாதிரிடா,” என்று ஃபிக்ரி அவன் தோளில் கைபோட்டான். “நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத. நான் இருக்கேன்ல?”

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, குழந்தை குழாய்வழி ஊட்டியதை வெளியே தள்ளியது. கை கால் சில்லிட்டன. அழ வேண்டிய நேரத்தில் அழவில்லை. செவிலி நஈமா கதவைத் திறந்து அவனை அழைத்தாள்.

“அண்ணே, ரத்தப் பண்ணை வைக்கணும்.”

“பண்ணையா? யாருக்கும்மா?”

“ஒங்க பொண்ணுக்குத்தான்.”

“அவ பொறந்து அஞ்சு நாளுதானே ஆகுது. அவளுக்கு ஏது பண்ணை? எனக்கே கெடயாதே.”

அவர்களுடைய மொழியில் பண்ணைக்கும், ரத்தத்தைக் குப்பியில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் ஒரே சொல்தான். மருத்துவம் படித்தவர்களுக்கு இதனால் எந்தக் குழப்பமும் ஏற்படுவதில்லை. குழந்தையைப் பெற்றவர்களுக்கு மட்டுமே ஏற்படுகிறது.

நஈமாவுக்கு விளக்க நேரமில்லை. சட்டப்படி முதலில் உறுதிமொழி வாசிக்கப்பட வேண்டும். தஸூகி வலக்கையை உயர்த்தி, சுவரில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தான்: தேவையற்ற மருந்தைக் கேட்க மாட்டேன் என்றும், மருந்து என்பது எதிர்காலத் தலைமுறையின் சொத்து என்றும், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பண்ணையில் வளர்ச்சி இல்லையெனில் மருந்து நிறுத்தப்படுவதை மகிழ்ச்சியோடு ஏற்பேன் என்றும். ‘மகிழ்ச்சியோடு’ என்ற சொல்லை அவன் விட்டுவிட்டதால் மீண்டும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். அதன் பிறகு குழந்தையின் கையில் ஊசி குத்திக் குப்பியில் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மருந்துகள் தொடங்கப்பட்டன. நஈமா அந்தக் குப்பியைத் தஸூகியின் கையில் வைத்தாள்.

“இத பண்ணை ஆய்வுக்கூடத்துல குடுத்துட்டு வாங்க. ஓடுங்க. குளிர வச்சிராதீங்க.”

தஸூகி ஓடினான். பண்ணை ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது என்று அவனிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது ஆண்டுகளாக நோயுற்ற மீன்களைப் பனிக்கட்டியில் போட்டு அவன் கொண்டுபோகும் இடம் அது. கால்வாய்க்கரையில், மீன்வளத்துறையின் மஞ்சள் கட்டடம். குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் மோட்டார் சைக்கிளை ஓட்டிச் சென்றான். இத்தனை பெரிய மருத்துவமனை தன் மகளின் ரத்தத்தைத் தனக்குத் தெரிந்த இடத்துக்கே அனுப்புகிறது என்பதில் அவனுக்குச் சற்றுப் பெருமைகூட இருந்தது.

ஆய்வுக்கூடத்தின் பொறியாளர் வாஸிஃப் ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்த மனிதர். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“எந்தக் குளம்?”

“குளமில்ல என்ஜினியர் ஐயா. என் பொண்ணு.”

வாஸிஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு படிவத்தை எடுத்தார். “தஸூகி, இங்க மூணு மீனுக்குத்தான் கட்டம் இருக்கு. புல்ட்டி, பூரி, கரூஸ். மனுசனுக்குக் கட்டம் இல்லியே.”

“ஆஸ்பத்திரியில இங்கதான் குடுக்கச் சொன்னாங்க.”

“அவங்க சொல்லுவாங்க. அவங்களுக்கென்ன.” அவர் சிறிது நேரம் குப்பியையே பார்த்தார். அது அவருடைய உள்ளங்கையில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. “திருப்பி அனுப்பினா நேரம் வீணாகும். சரி, புல்ட்டின்னு போடுறேன். பொட்டை. வயசு?”

“அஞ்சு நாளு.”

“எடை?”

“ஒரு கிலோ தொள்ளாயிரம்.”

“அஞ்சு நாள் புல்ட்டிக்கு இந்த எடைன்னா மேலதிகாரி என்னத்தத்தான் நெனப்பாரோ,” என்றபடி எழுதினார். “மீனுக்கு இருபத்தெட்டு டிகிரியில வைப்போம். இவளுக்கு முப்பத்தேழுல வக்கிறேன். புதன்கெழம காலைல வா.”

செவ்வாய்க்கிழமை விழா நடந்தது. உயர்குழுவின் தலைவர் பேராசிரியர் டாக்டர் மம்தூஹ், கணினியிலிருந்து எடுத்த தாள் ஒன்றை வாசித்தார்: “ஸமீஹா மகள். ரத்தப் பண்ணை. நாற்பத்தெட்டு மணி நேரம். வளர்ச்சி இல்லை.” கைதட்டல் எழுந்தது. இரு மருந்துகளும் நிறுத்தப்பட்டன. தஸூகியின் சட்டையில் ஒரு காகிதப்பூவைக் குத்தி, ‘மருந்திலிருந்து விடுதலைச் சான்றிதழ்’ ஒன்றை வழங்கினார்கள்.

“இன்று இந்தப் பிஞ்சு உயிர் ஒரு மாபெரும் ஆபத்திலிருந்து காப்பாற்றப்பட்டிருக்கிறது,” என்றார் மம்தூஹ். “எந்த ஆபத்து? சிகிச்சை என்னும் ஆபத்து! பெருமையோடு சொல்கிறேன், எங்கள் மருத்துவமனையில் எதுவும் வளர்வதில்லை!”

புகைப்படம் எடுத்தார்கள். தஸூகிக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், குழந்தை சாம்பல் நிறத்தில் கிடந்தது. மூச்சு இடையிடையே நின்று, எதையோ யோசித்துவிட்டு மீண்டும் தொடங்குவதுபோல் தொடங்கியது.

விழா முடிந்ததும்தான் தஸூகிக்கு அந்த ஐயம் எழுந்தது. புதன்கிழமை வா என்று வாஸிஃப் சொன்னாரே. செவ்வாய்க்கிழமையே முடிவு எப்படி வந்தது? ஃபிக்ரியைத் தேடிப் பிடித்துக் கேட்டான். குப்பியைத் தான் எங்கே கொடுத்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னான்.

ஃபிக்ரி முதலில் சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். “மீன் ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோன? ஏண்டா, மாடு கன்னு போட்டா மாவு மில்லுக்கா தூக்கிட்டு ஓடுவ? நம்ம கூடம் மூணாவது மாடியில இருக்குடா!”

“அப்ப குப்பி இங்க வரவே இல்லியே. வளர்ச்சி இல்லேன்னு யாரு பாத்துச் சொன்னது?”

“யாரும் பாக்க வேணாம். குப்பி வந்து, ஏதாச்சும் வளந்து, ஒருத்தன் ஒக்காந்து தட்டுனாத்தான் ‘வளர்ச்சி’ன்னு வரும். இல்லேன்னா நாப்பத்தெட்டு மணி நேரத்துல ‘வளர்ச்சி இல்லை’ன்னு கம்ப்யூட்டரே போட்டுரும். அதுல பொய் என்ன இருக்கு? ஒண்ணுமே வரலேன்னா ஒண்ணுமே வளரலேன்னுதானே அர்த்தம்?” பிறகு குரலைத் தாழ்த்தினான். “இத வேற எவன்கிட்டயும் சொல்லிராத. நான் பாத்துக்குறேன். நான் இருக்கேன்ல?”

தஸூகி மூன்றாம் மாடிக்கு ஏறிப் பார்த்தான். கூடம் பூட்டியிருந்தது. கதவை ஒட்டிய சன்னல் திண்டில், உறவினர்கள் வைத்துவிட்டுப் போன ரத்தக் குப்பிகள் ஊறுகாய்க் கடையில் போல வரிசையாக வெயிலில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தாயின் பெயர். சிலவற்றில் நிறம் கலங்கிப்போயிருந்தது. எழுத்து அவனுக்குத் தடுமாறும், கலங்கல் தடுமாறாது. எந்தக் குளத்தில் வாழ்வு இருக்கிறது, எதில் சாவு இருக்கிறது என்று கரையில் நின்றே சொல்லக்கூடியவன். அந்தக் குப்பிகளின் பெயர்களை அவன் வாசிக்கவில்லை.

புதன்கிழமை காலை மஞ்சள் கட்டடத்தின் படியில் வாஸிஃப் அவனுக்காகவே காத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு வட்டத் தட்டு. அதில் பிசுபிசுப்பான, பளபளப்பான படலம் ஒன்று தழைத்திருந்தது.

“நல்லா வளந்திருக்கு,” என்றார். அந்தக் கூடத்தில் பழக்கமான வாக்கியம் அது. சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். “கிளெப்சியெல்லாங்கிற கிருமி. கொளத்துல வர்றது இல்ல இது. ஆஸ்பத்திரிக் குழாயிலயும் தொட்டியிலயும் குடியிருக்கிற சாதி. இங்க பாரு, அவங்க குடுத்த ரெண்டு மருந்தோட வில்லையச் சுத்தியும் ஒட்டி ஒட்டி வளந்திருக்கு. ஒண்ணும் சட்ட பண்ணல. இத மட்டும் பாரு. கால்நடைக் கல்லூரியில கேட்டு வாங்கி வச்சேன், மெரோபெனம். சுத்தி எவ்வளவு எடம் காலியா விட்டிருக்கு பாத்தியா? இதுக்குத்தான் பயப்படுது. ஓடு.”

அறிக்கையை மடித்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு தஸூகி நேரே ஃபிக்ரியிடம் போனான். வேறு யாரிடமும் போகவில்லை. அதைக் கொடுத்து, அவனுடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு யாரு மேலயும் கேசு போட வேணாம். சத்தம் போட மாட்டேன். இந்த மருந்த மட்டும் சத்தமில்லாம போடச் சொல்லு. எங்கம்மா பால் மேல ஆணையா கேக்குறேன்.”

“சேச்சே, ஆணையெல்லாம் எதுக்குடா? அரைமணி நேரம் குடு. நான் இருக்கேன்ல?”

அரைமணி நேரத்தில் அவனை மேலே அழைத்தார்கள்.

உயர்குழு அவசரமாகக் கூடியிருந்தது. மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்காக அது அவ்வளவு அவசரமாகக் கூடியதில்லை. ஞாயிறன்று தலைநகரிலிருந்து தரச்சான்று வழங்குவோர் வரவிருந்தார்கள், எண் நானூற்றுப் பதினெட்டில் நின்றது. நீண்ட மேசையின் தலையில் மம்தூஹ் தும்மிக்கொண்டிருந்தார். மேசையின் நடுவே மீன்வளத்துறை அறிக்கை கிடந்தது. அதைத் தொடுவதற்கு எல்லாரும் கையுறை அணிந்திருந்தார்கள்.

“பொருள் ஒன்று,” என்று ஃபிக்ரி எழுந்து நின்று வாசித்தான். தஸூகியின் பக்கம் அவன் திரும்பவில்லை. “மருத்துவமனைக்குச் சொந்தமான ரத்தத்தை அனுமதியின்றி வெளியேற்றி, அதற்குத் தகுதியற்ற இடத்தில் வளரச் செய்த குற்றம். குற்றம் சாட்டப்பட்டவர், தஸூகி.”

முழுப் பெயரையும் வாசித்தான்; தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஊர். அந்தப் பெயர்களைப் பதிவேட்டில் பார்த்து எழுத வேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. தஸூகி, தன்னை எவரோ முதுகில் தொட்டதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை.

மம்தூஹ் அறிக்கையை இடுக்கியால் தூக்கினார். “இதில் புல்ட்டி மீன் என்று இருக்கிறது. செயலாளரே, நம் மருத்துவமனையில் புல்ட்டி மீன் எதுவும் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா?”

ஃபிக்ரி பதிவேட்டைப் புரட்டினான். “இல்ல, பாஷா.”

“ஆகவே இது நம் நோயாளி அன்று.”

“பாஷா, அது என் பொண்ணு,” என்றான் தஸூகி. “ஃபாரத்துல மனுசனுக்குக் கட்டம் இல்ல. அதான் அப்படி எழுதினாங்க.”

“ஹாஜியாரே, உங்கள் மகளை மீன் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நாங்கள் அவளை மனிதக் குழந்தையாக நடத்திவருகிறோம். யார் அவளுக்கு அதிக மரியாதை கொடுத்தவர்?” தும்மினார். “அச்சச்சோ, காலைலேருந்து இந்தத் தடுமன் உயிரை எடுக்குதுப்பா.” ஃபிக்ரி ஓடிவந்து சட்டைப்பையிலிருந்து பெரிய மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டினான். அதுவும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லிதான். மம்தூஹ் அதைத் தேநீரோடு விழுங்கினார். “எதுக்கும் ஒண்ணு போட்டு வச்சிருவோம்,” என்றார். தொண்டையைச் செருமி, விட்ட இடத்திலிருந்து மேடைக்குரலில் தொடர்ந்தார். “நீங்கள் கேட்கும் மருந்து பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அதை எதிர்காலக் குழந்தைகளுக்காகக் கண்ணின் மணிபோல் பாதுகாக்கிறோம். எவ்வளவு பாதுகாப்பாக என்றால், சென்ற ஆண்டின் இருப்பு ஒரு துளியும் வீணாகாமல் காலாவதியானது. இன்றைய குழந்தைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டால் நாளைய குழந்தைகளுக்கு நாம் என்ன பதில் சொல்வது?”

“நாளைக்கி இருந்தா இவளும் நாளைய கொழந்ததானே, பாஷா?”

குறிப்பெழுதுபவர் பேனாவை எடுத்தார். தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

தஸூகி மண்வெட்டியை நினைத்துக்கொண்டான். மூட்டை மூட்டையாக அவன் குளத்தில் வீசியவற்றின் பெயர்களை நினைத்துக்கொண்டான். புல்ட்டி மீனாகவே அவள் பிறந்திருந்தால் இந்நேரம் முதலாளி மருந்தோடு வந்திருப்பார்.

ஐந்து நிமிட இடைவேளை அறிவிக்கப்பட்டது. ஃபிக்ரி அவனைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனான்.

“என்னையே பாக்காத அப்படி. நான் வாசிக்கலேன்னா வேற ஒருத்தன் வாசிச்சிருப்பான். அவன் ஒன்ன போலீஸ்லயே புடிச்சிக் குடுத்திருப்பான். கேளு. ஒரு வழி இருக்கு. தொத்து ஆஸ்பத்திரியில வந்தாத்தான் பலகையில ஏறும். வீட்டுலேருந்து வந்துச்சுன்னா ஏறாது. வீட்டுலேருந்து வந்த தொத்துக்கு அலமாரியத் தொறக்கலாம், விதியில எடமிருக்கு. ஒரே ஒரு கையெழுத்து.”

“வீட்டுலேருந்து எப்படிடா வரும்? அவ வீட்டுக்கே வரலியே.”

“பால் வந்துச்சுல்ல? தெனமும்?”

தஸூகிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“என்னடா சொல்ற நீ? நீயாடா இதச் சொல்ற?”

“மருந்து வேணுமா, நியாயம் வேணுமா? அலமாரிக்கு ஒரே சாவிதான் இருக்கு. யோசி. ஆனா ரொம்ப நேரம் யோசிக்காத.”

குழு மீண்டும் கூடியது. முறைப்படி சாட்சி வேண்டுமென்று நஈமாவை அழைத்தார்கள். தாய்ப்பால் நாள்தோறும் வந்ததா என்று கேட்டார்கள்.

“வந்துச்சு, பாஷா.”

“குழந்தைக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது?”

நஈமா விழித்தாள். “ஒரு சொட்டுக்கூட குடுக்கல, பாஷா. விதி பதினாலு. வெளியேருந்து உணவு அனுமதி இல்ல. தெனமும் தொட்டியில ஊத்திருவோம். டப்பாப் பால்தான் குடுக்குறோம்.”

குறிப்பெழுதுபவரின் பேனா பாதி வரியில் நின்றது. தஸூகி நஈமாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். ஒவ்வொரு காலையிலும் அவளிடமிருந்து திரும்ப வாங்கிய வெற்றுக் குப்பி அவனுக்கு நினைவு வந்தது. மகள் குடித்து முடித்தது என்று ஸமீஹா அதை முகர்ந்து பார்த்தே கழுவுவாள்.

மம்தூஹ் மட்டுமே கலங்கவில்லை. அவர் மேசையை மெல்லத் தட்டினார். “கேட்டீர்களா? அந்தப் பால் எவ்வளவு ஆபத்தானது என்பதை முன்கூட்டியே உணர்ந்து ஊற்றிவிட்டிருக்கிறோம். இதைத்தான் தரம் என்கிறோம். அப்படி ஊற்றியும் தொற்று வந்திருக்கிறதென்றால் பாலின் வீரியத்தை நீங்களே எண்ணிப்பாருங்கள். பதிவு செய்யுங்கள்.”

பதிவு செய்தார்கள். தாள் ஃபிக்ரியின் அழகிய கையெழுத்தில் இருந்தது: ‘தொற்றின் மூலம், தாயின் பால். தந்தை இதை அறிந்து, வற்புறுத்தலின்றி ஒப்புக்கொள்கிறார்.’ தஸூகி பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டான். எழுத்து எழுத்தாக, கோணலாக, வரியைத் தாண்டிப் போட்டான். ஃபிக்ரி மை உலர ஊதினான்.

பத்தே நிமிடத்தில் அலமாரி திறந்தது. மருந்து ஏறியது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஏணியைப் பிடிப்பவர் பிடிக்க, ஃபிக்ரி கடைசித் தகட்டை மாற்றி எண்ணை நானூற்றுப் பத்தொன்பது ஆக்கினான். செவிலியர் கைதட்டினார்கள். தஸூகி கண்ணாடி வழியே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அன்று அழுதாள். அப்படியொரு அழுகையை அவன் வாழ்வில் கேட்டதில்லை. கீச்சென்று, கோபமாக, உயிரோடு. மூன்றாம் நாள் நிறம் திரும்பியது. ஞாயிறன்று தலைநகரத்தார் வந்தார்கள், பலகையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், மருத்துவமனைக்கு முதல் தரம் கொடுத்துப் போனார்கள்.

பதினான்கு நாள் மருந்து முடிந்து மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஸமீஹா வாசலிலேயே நின்றாள். குழந்தையை வாங்கி, ஒவ்வொரு விரலாக எண்ணி, உச்சியை முகர்ந்தாள். பிறகு ஆஸ்பத்திரி கொடுத்த தாளைக் கேட்டாள். அவள் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள். தஸூகி தேநீர் போட்டு வருவதாகச் சொல்லி எழுந்தான்.

“ஒக்காரு.”

உட்கார்ந்தான்.

“தொற்றின் மூலம், தாயின் பால்,” என்று வாசித்தாள். இன்னொரு முறை, யாருடைய பெயரோ எழுதியிருக்கிறது என்பதுபோல், வாசித்தாள். “தாய்ப்பாலை முற்றிலும் தவிர்க்கவும். இது என்னது?”

“பொய்.”

“கீழ ஒன் கையெழுத்து இருக்கு.”

“ஆமா.”

எல்லாவற்றையும் சொன்னான். குப்பி, வாஸிஃப், பூட்டிய கூடம், ஃபிக்ரி, அலமாரி. குழந்தை மார்புத் துணியைச் சப்பத் தொடங்கியது.

“சாவி ஒண்ணுதான் இருந்துச்சு, ஸமீஹா. நான் என்ன பண்ணட்டும்?”

“என்னக் கேட்டிருந்தா நானே போட்டிருப்பேன்,” என்றாள். “எம்பால் வெஷம்னு ஊரக் கூட்டிச் சொல்லுன்னாலும் சொல்லியிருப்பேன். அவளுக்காக. ஒரு போன்தானே? கேக்காமப் போட்டியே.”

தஸூகி தாளை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

“பால அவங்க ஊத்திர்றாங்கன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கித்தான். அந்தப் புதன்கெழம.”

அவள் நாட்களை விரல் மடக்கி எண்ணவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தாள். “அதுக்கப்புறமும் பதினாலு நாள் விடியக்காலைல எந்திரிச்சேன். தையல் பிரிஞ்சு ரத்தம் வந்த அன்னிக்கும் எந்திரிச்சேன். நீ வாங்கிட்டுப் போன. ‘நல்லாக் குடிச்சுச்சு’ன்னு சொல்லிக் காலிக் குப்பியக் கொண்டாந்து குடுத்த. எங்க கொண்டுபோன அத?”

தஸூகி வாயைத் திறந்தான். கையெழுத்தைச் சொல்ல நேர்ந்துவிடும் என்று பயந்துதான் பாலைச் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. இதையெல்லாம் சொல்ல நினைத்தான். ஒரு சொல்தான் வந்தது.

“கொளத்துல.”

ஸமீஹா சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மகளை மார்போடு சேர்த்தாள். குழந்தை பற்றிக்கொள்ளும் ஓசை அந்த அறையில் தெளிவாகக் கேட்டது.

“மீனாச்சும் குடிச்சுதா?” என்றாள், திரும்பாமலே.

குளத்தின் கிழக்கு மூலையில், வெண்மை நீரில் கலந்து மறைவதற்குள், மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதை அவன் பதினான்கு காலையும் நின்று பார்த்திருந்தான்.